மேல் தண்ணி, அடித்தண்ணி

பட்டினப்பாக்கத்தில் குளிர்காலம் என்பது மார்கழியில் ஒரு பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் விடியற்காலையில் கடற்கரைக்கு வாக்கிங் வருகிறவர்கள் குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஸ்வெட்டர் சகிதம் காஷ்மீர் எல்லைக்குக் காவல் போகிற மாதிரி நடப்பார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 20 டிகிரி காட்டும். லண்டன்காரன் அதே 20 டிகிரியில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் மல்லாந்து படுப்பான். தை பிறந்ததும் குல்லாய் பீரோவுக்குள் போய்விடும். மீதிப் பதினொன்றரை மாதம் வியர்வைதான்.

இப்பேர்ப்பட்ட பேட்டையில் உட்கார்ந்துகொண்டு பனியுகத்தைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் காரணம் இருக்கிறது. சரித்திரத்தில் ஐரோப்பா நடுங்கிய சில காலங்களில் அதற்கான பில்லில் ஒரு பங்கு நம் பக்கமும் வந்திருக்கிறது. குல்லாய் போடுகிற அளவுக்குக் குளிர் வரவில்லை, குடம்தான் காலியானது. இரண்டுக்கும் நடுவில் தரகு வேலை பார்த்தவர் மிஸ்டர் கடல்.

கடல் என்றால் நமக்குக் கரையில் வந்து காலை நனைக்கும் அலை. கூடவே மாங்காய் சுண்டல். சீனிவாசபுரம் பக்கம் படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"எந்தத் தண்ணியக் கேக்கற? மேல் தண்ணியா, அடித்தண்ணியா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"பின்ன? மேல வடக்க போவும், அடியில தெக்க இழுக்கும். வலையப் போட்டாத்தான் தெரியும். குளிக்கறவனுக்கு இன்னா தெரியும்?"

நம்மூர்க் கடலோரத்து நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசையையே மாற்றிக்கொள்கிற ஆசாமி. சுமாராக பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை வடக்கே ஓடும். அக்டோபரில் வாடை எட்டிப்பார்த்ததும் யூ டர்ன் அடித்து ஜனவரி வரை தெற்கே ஓடும். இதில் காற்றின் கைவரிசை நிறைய. நான் சொல்ல வந்த கதையின் ஹீரோ வேறு. அவர் பெரியவர் சொன்ன அடித்தண்ணிக்கும் அடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் நகர்கிறவர். அவரை நகர்த்தும் சமாச்சாரங்கள் இரண்டு: குளிர்ச்சி, உப்பு.

இவரை முதலில் தொட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ். 1751-ல் 'ஏர்ல் ஆஃப் ஹாலிஃபாக்ஸ்' என்ற அடிமை வியாபாரக் கப்பலின் காப்டன். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்த, மூடி வைத்த ஒரு விசேஷ வாளியைக் கயிற்றில் கட்டி நடு அட்லாண்டிக்கில் இறக்கினார். கடலுக்கு மேலே வெப்பம் 84 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 29 சென்டிகிரேட், கிட்டத்தட்ட மெரினா. ஐயாயிரம் அடிக்குக் கீழே போன வாளி கொண்டுவந்த தண்ணீர் 53 ஃபாரன்ஹீட். அதாவது 12 சென்டிகிரேட்.

மனிதருக்கு ஒரே குஷி. அந்தத் தண்ணீரில் குளித்தார். ஒயின் பாட்டிலை ஜில்லென்று ஆக்கிக்கொண்டார். உலகத்தின் மிகப்பெரிய ஃப்ரிட்ஜைக் கண்டுபிடித்துவிட்டு அதில் பாட்டில் வைத்ததோடு அவர் திருப்தி அடைந்துவிட்டார். வெயில் கொளுத்துகிற கடலுக்கு அடியில் இவ்வளவு ஜில்லிப்பு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, துருவப் பக்கத்துத் தண்ணீர்தான் கனத்து மூழ்கி இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று அந்த நூற்றாண்டின் கடைசியில் சொன்னவர் ரம்ஃபோர்ட் பிரபு.

நம் வங்காள விரிகுடாவும் இப்படித்தான். மேலே 28, 29 டிகிரி. கிழக்கே ஆழ்கடலுக்குப் போய் மூவாயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 2 டிகிரி. தமிழ்நாட்டு வெயிலுக்கும் அந்தத் தண்ணீருக்கும் எந்த உறவும் கிடையாது. அது தெற்கே இருந்து, துருவ சம்பந்தத்தோடு, தவழ்ந்து வந்தது. அந்த அளவு ஆழம்கூட வேண்டாம்; சில நூறு மீட்டர் இறங்கினாலே கடல் ஜில்லென்றுதான் இருக்கும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் இந்த மேல் சூட்டையும் கீழ் ஜில்லிப்பையும் வைத்தே தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தயாரிக்க ஆரம்பித்தது. எல்லிஸ் ஒயினுக்குச் செய்ததை நம்மவர்கள் குடிதண்ணீருக்குச் செய்தார்கள்.

இனி அட்லாண்டிக். பூமத்திய ரேகைப் பக்கம் சூடாகும் தண்ணீர், கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற நீரோட்டத்தோடு சேர்ந்து வடக்கே போகிறது. போகிற வழியில் ஆவியாகி ஆவியாகி உப்புக் கரிப்பு ஏறுகிறது. தன் சூட்டை எல்லாம் ஐரோப்பாப் பக்கம் வீசும் காற்றுக்குத் தானம் செய்துவிட்டு கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வட்டாரம் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லாத கர்ணன் மாதிரி நிற்கிறது. குளிர்ந்த தண்ணீர் கனம். உப்புத் தண்ணீரும் கனம். இரண்டும் சேர்ந்தால் மூழ்கத்தானே வேண்டும்? மூழ்குகிறது. அடியோடு அடியாகத் தெற்கே திரும்புகிறது. அது காலி செய்த இடத்துக்கு மேலே அடுத்த சூட்டுத் தண்ணீர் வருகிறது.

மூழ்கின தண்ணீர் உலகக் கடல்களைச் சுற்றிவிட்டு மறுபடி தலைகாட்ட ஏறத்தாழ ஆயிரம் வருஷம் ஆகும். 1010-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கும்பாபிஷேகம் செய்த சமயத்தில் முங்கிய தண்ணீர் இப்போதுதான் எங்கோ மூச்சு விட மேலே வந்துகொண்டிருக்கும்.

இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'அட்லாண்டிக் மெரிடியனல் ஓவர்டர்னிங் சர்க்குலேஷன்'. செல்லமாக 'அமாக்'. 2004 முதல் அட்லாண்டிக்கின் குறுக்கே கருவிகளை வரிசையாக நிறுத்தி அளக்கிறார்கள். சராசரியாக ஒரு விநாடிக்கு 1.7 கோடி கன மீட்டர். அதாவது 1,700 கோடி லிட்டர். மெட்ரோ வாட்டர் சென்னை முழுமைக்கும் ஒரு நாளைக்குக் கொடுப்பது ஏறத்தாழ 100 கோடி லிட்டர். அந்த முழு நீளப் பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க மூன்று விநாடி ஆகிறது. அதற்குள் சென்னையின் ஐம்பது நாள் தண்ணீர் ஓடிப் போய்விடும்.

இவ்வளவு பெரிய இயந்திரத்தை நிறுத்த என்ன வேண்டும்? நல்ல தண்ணீர் போதும்.

மறுபடி வங்காள விரிகுடாவுக்கு வாருங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் சேர்ந்து இதில் நல்ல தண்ணீரைக் கொட்டுகின்றன. போதாததற்கு மழை. அதனால் வடக்கு விரிகுடாவின் மேல் தண்ணீரில், அரபிக் கடலைவிட உப்புக் குறைவு. இந்த லேசான தண்ணீர், பாலுக்கு மேல் ஆடை படிந்த மாதிரி, அடியில் இருக்கும் கனத்த தண்ணீரோடு கலக்காமல் மிதக்கிறது. மேலிருப்பது கீழே போகாது. கீழே இருக்கும் ஜில்லிப்பு சுலபத்தில் மேலே வராது. விரிகுடா வெதுவெதுப்பாகவே இருப்பதற்கும், புயல்களுக்கு அது தீனி போடுவதற்கும் இந்த ஆடை ஒரு காரணம். இதே ஆடை, மூழ்கியே ஆக வேண்டிய வட அட்லாண்டிக்கின் மேல் படிந்தால்? அமாக்குக்கு மூச்சு முட்டும்.

அப்படி முட்டியிருக்கிறது. சுமார் 8,200 வருஷத்துக்கு முன் கனடாவில் பனிப்பாறை ஒன்றே அணையாக நிற்க, அதன் பின்னால் அகாசிஸ் என்ற பிரம்மாண்டமான ஏரி தேங்கி இருந்தது. ஒரு நாள் அணை உடைந்தது. ஏரி ஹட்சன் விரிகுடா வழியாக அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. கிரீன்லாந்தில் வெப்பம் சுமார் 3 டிகிரி விழுந்தது. நிலைமை சீராக ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. ஓர் ஏரி உடைந்ததற்கு ஆறு தலைமுறைக்குத் தண்டனை.

அண்மைச் சரித்திரத்தில் பார்த்தால் 'குட்டிப் பனியுகம்'. சுமாராக 1300-லிருந்து 1850 வரை. உலக சராசரியில் ஒரு டிகிரிக்கும் குறைவான சரிவுதான். இன்க்ரிமென்ட்டில் அரை சதவிகிதம் குறைந்த மாதிரி. அந்த அரை சதவிகிதம் எந்த வீட்டில் இடித்ததோ அங்கே போய்க் கேட்க வேண்டும். லண்டனில் தேம்ஸ் நதி சில குளிர்காலங்களில் உறைந்து, அதன் மேல் கடை போட்டுப் பொருட்காட்சி நடத்தினார்கள். கடைசியாக 1814-ல். அந்த யுகம் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஏரிகள் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலில் மெட்ராஸுக்கே அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர். அதை வைக்க 1842-ல் கட்டிய வீடுதான் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். பட்டினப்பாக்கத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே நடந்தால் வந்துவிடும்.

குட்டிப் பனியுகத்துக்குக் கடல் மட்டும் குற்றவாளி இல்லை. எரிமலைகள் புகை கக்கி வெயிலை மறைத்தன. சூரியனும் கொஞ்சம் மங்கியது. ஆனால் கடலின் கைரேகையும் சம்பவ இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கத்துக் கடலடி மண்ணை ஆராய்ந்து 2006-ல் வெளியான ஆய்வு, அந்த நூற்றாண்டுகளில் கல்ஃப் ஸ்ட்ரீம் இன்றைக்கு இருப்பதைவிடப் பத்து சதவிகிதம் வலுக் குறைந்திருந்தது என்றது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லாபுவான்ட், பிராட்லி இருவரும் 2021-ல் சொன்னது இன்னும் விசித்திரம். 1380-ஐ ஒட்டி வடக்கே சூட்டுத் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்தது, பனி உருகியது, உருகின நல்ல தண்ணீர் ஆடை மாதிரி படிந்தது, 1400-ஐ ஒட்டி நீரோட்டம் தளர்ந்து குளிர் கவ்வியது. முதலில் சூடு, அப்புறம் குளிர். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அட்லாண்டிக்கில் குளிர்ந்தால் எனக்கென்ன ஸார், நான் கிண்டிக்குப் போக வேண்டும்" என்பவர்களுக்கு அடுத்த பகுதி.

நான் படித்தது பி.காம். அதில் மிச்சமிருக்கும் ஞானம் ஒன்றே ஒன்று: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். கடலும் டபுள் என்ட்ரிதான். வடக்கே டெலிவரி ஆகாத சூடு காணாமல் போய்விடாது. அது தெற்கிலேயே தங்கிவிடும். வட பாதி குளிர, தென் பாதி சூடேறும். பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு மழைப் பட்டை இருக்கிறது; சூடு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்வது அதன் சுபாவம். கோடையில் அது வடக்கே ஏறி வருவதைத்தான் நாம் தென்மேற்குப் பருவமழை என்று கொண்டாடுகிறோம். கணக்கு தெற்கே சாய்ந்தால் மழைப் பட்டையும் தெற்கே சாயும். கேரளத்துக்கும் குடகுக்கும் வர வேண்டிய மழை, ஆளில்லாத இந்துமகா சமுத்திரத்தில் பெய்துவிட்டுப் போகும்.

இதற்கு அத்தாட்சியைத் தோண்டியவர்களில் ஒருவர் நம்மவர். கரக்பூர் ஐ.ஐ.டி.யின் அனில் குப்தா, இரண்டு அமெரிக்க சகாக்களோடு, ஓமன் நாட்டுக் கரையோரம் அரபிக் கடலின் அடிமண்ணை ஆராய்ந்தார். தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் அங்கே அடித்தண்ணீர் மேலே கிளம்பும். அதோடு ஒரு வகை நுண்ணுயிர் பெருகும். செத்ததும் அதன் ஓடு அடியில் படியும். ஓடு நிறைய இருந்தால் நல்ல பருவக்காற்று, குறைந்தால் சோனி. பத்தாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓட்டுக் கணக்கை எடுத்து 2003-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களோடு நம் பருவக்காற்று சோர்ந்த காலங்கள் ஒத்துப்போயின. குட்டிப் பனியுகமும் அதில் ஒன்று.

இன்னொரு சாட்சி சத்தீஸ்கரின் தண்டக் குகை. அங்கே கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சுண்ணாம்பாக உறைந்து தூண் தூணாக வளர்கிறது. எந்த வருஷம் மழை, எந்த வருஷம் பட்டினி என்ற விவரம் அதன் அடுக்குகளில் ரசாயனமாகப் பதிவாகியிருக்கிறது. ஆஷிஷ் சின்ஹாவின் குழு 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி, பதினாலாம் நூற்றாண்டிலும் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலும் மழை அடிக்கடி கைவிட்டது. சில தடவை வருஷக்கணக்கில், சில தடவை பத்தாண்டுக் கணக்கில். தக்காணத்தில் 1396-ல் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் நீடித்ததாகச் சொல்லப்படும் துர்காதேவி பஞ்சமும் இந்தச் சமயத்தில்தான்.

அங்கே 1400, இங்கே 1396. தேதிகளை ஒட்டவைத்து 'கண்டேன் கொலையாளியை' என்று கத்தத் தோன்றும். பொறுமை. பஞ்சத்துக்கு மழை ஒரு காரணம், ராஜாக்கள் ஒரு காரணம், பசிபிக் கடலின் எல் நினோ ஒரு காரணம். ஒரு தனிப் பஞ்சத்தை ஒரு தனி நீரோட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான வருஷங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, அட்லாண்டிக் நடுங்கினால் நம் மழை தளர்வது தற்செயலாகத் தெரியவில்லை.

நம் குழாய்க்கும் இதற்கும் உள்ள தூரம் ரொம்ப இல்லை. குடகில் பெய்வது காவிரியாகி, மேட்டூர் தாண்டி, கொள்ளிடம் வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, 2004 முதல் குழாயில் சென்னைக்கும் வருகிறது. 2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதற்கே அடுத்த கோடையில் என்ன ஆயிற்று? ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டி, ஆபீஸ்களில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லி, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயிலே வந்தது. அதற்கு அமாக் காரணமில்லை. ஆனால் ஒரு பருவம் தவறினதற்கே ரயில் விட்ட ஊர், பத்து வருஷம் தொடர்ந்து தவறினால் எத்தனை ரயில் விடும்?

இப்போது அமாக்கின் உடல்நிலை எப்படி? உலகமே சூடேறிக்கொண்டிருக்க, கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு திட்டு மட்டும் பிடிவாதமாகக் குளிர்ந்து கிடக்கிறது. சூட்டு டெலிவரி குறைகிறதற்கு அது அறிகுறி என்று பலர் சந்தேகிக்கிறார்கள். 2021-ல் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. அறிக்கை, இந்த நூற்றாண்டில் அமாக் வலுவிழக்கும் சாத்தியம் மிக அதிகம் என்றது. 2100-க்குள் ஒரேயடியாகப் படுத்துவிடாது என்றும் சொன்னது, 'நடுத்தர நம்பிக்கை'யுடன். படுத்துவிடலாம் என்று வாதாடுகிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். கணக்குப் படித்தவன் என்ற முறையில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிற கம்பெனிக்கு, நேரடியாக எழுதின பேரேடு 2004-லிருந்துதான் இருக்கிறது. எந்த ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்?

கையெழுத்துப் போடாவிட்டாலும் வரவுப் பக்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கிரீன்லாந்து இந்த நூற்றாண்டில் வருஷத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியை இழந்துவருகிறது. நமக்குப் புரிகிற பாஷையில் சொல்ல, மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யால் வகுத்துப் பார்த்தேன். நூறு வந்தது.

வருஷத்துக்கு நூறு மேட்டூர் நல்ல தண்ணீர், தண்ணீர் மூழ்கியாக வேண்டிய அந்த வட்டாரத்துக் கடலில் போய்க் கலக்கிறது. இங்கே நாம் ஒரே ஒரு மேட்டூரை வைத்துக்கொண்டு, ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்று பேப்பரில் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.